பெட்போர்டின் வெண்விரல்கள்

நோய்களுள் சில, மருத்துவர் வந்து பார்க்கும்வரை உடலிலேயே தங்கி நிற்பவை. காய்ச்சலும் கட்டியும் அத்தகையன. வேறு சில, நோயாளி மருத்துவர் முன் அமர்ந்ததும் மறைந்துவிடுபவை. இங்கே கூறப்போகும் நோய் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. குளிர்ந்த விடியற்காலையில் அது தொழிலாளியின் விரல்களைப் பிணத்தின் விரல்களைப் போல வெளுக்கச் செய்யும். அவன் வெதுவெதுப்பான ஓர் அறைக்குள் சென்று சிறிது நேரம் அமர்ந்தால், விரல்கள் சிவந்து, பழைய நிலைக்கு வந்துவிடும். அதன் பிறகு அக்கையை யாரிடம் காட்டினாலும், "உனக்கு ஒன்றும் இல்லையே!" என்பர். அதிரும் கருவிகளைக் கையிற் பிடித்து வேலை செய்வோர்க்கு உண்டாகும் இந்நோயின் வரலாற்றிற் பாதி மருத்துவத்தின் வரலாறு. மறுபாதி, உழைப்பவனுடைய சொல்லை நம்புவதா வேண்டாமா என்ற நெடிய வழக்கின் வரலாறு.

அந்த வழக்கு முதன்முதலில் நன்கு விசாரிக்கப்பட்ட இடம், ஐக்கிய அமெரிக்க நாட்டில், இண்டியானா மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள பெட்போர்டு என்னும் சிற்றூர். அவ்வூரைச் சுற்றிலும் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கற் பாறை பரந்து கிடக்கிறது. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஆழமில்லாக் கடலொன்றில் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியதால் உண்டான பாறை அது. எத்திசையில் உளி வைத்தாலும் ஒரே சீராக வெட்டுப்படும். பூமியிலிருந்து எடுத்த புதிதில் மென்மையாய் இருந்து, காற்றுப் படப்பட இறுகும். சிற்பிக்கு இதனினும் நல்ல கல் வாய்ப்பது அரிது. ஆகவே அமெரிக்காவின் பெருநகரங்கள் வளர்ந்த காலத்தில், அரசாங்க மாளிகைகளுக்கும் தேவாலயங்களுக்கும் இக்கல்லையே தேடினர். 1931-இல் நியூயார்க்கில் கட்டி முடிக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வெளிமுகம் இப்பகுதிக் கல்லால் ஆனது.

கல்தச்சர் வேலை நெடுங்காலமாக உளியையும் கொட்டாப்புளியையும் நம்பி நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அழுத்தக் காற்று வேலைக்கு வந்தது. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து மோன் செனி சுரங்கப்பாதை அமைத்தபோது, 1861 முதல் காற்றினால் இயங்கும் துளைப்பான்களைப் பயன்படுத்தினர். அவை பெரிய இயந்திரங்கள். வண்டியில் ஏற்றித்தான் பாறையருகே கொண்டு செல்ல வேண்டும். அந்த நூற்றாண்டு முடிவதற்குள், அதே தத்துவத்தைக் கையடக்கமான ஓர் உருளைக்குள் புகுத்திவிட்டனர். இரும்புக் குழாயொன்றினுள் சிறு தண்டு ஒன்று முன்னும் பின்னும் விரைந்து ஓடி, உளியின் தலையை ஓயாமல் அடிக்கும். இதுவே காற்றுச் சுத்தியல்.

அதன் வேகம் நிமிடத்திற்கு 3,000 முதல் 3,500 அடி. அதாவது வினாடி ஒன்றுக்கு ஐம்பது அடிக்கு மேல். கொட்டாப்புளி பிடித்தவன் கை ஓயாமல் தட்டினாலும் நிமிடத்திற்கு நூறு அடி தட்டுவது கடினம். இடையிடையே அவன் கையைத் தாழ்த்துவான், உளியைத் திருப்பிப் பார்ப்பான், தூசியை ஊதுவான். காற்றுச் சுத்தியலுக்கு இந்த ஓய்வுகள் தேவையில்லை. பூவேலையும் கொடிவேலையும் முன்னினும் பன்மடங்கு விரைவாய் முடிந்தன. முதலாளிக்கு இலாபம், தொழிலாளிக்கும் தோள்வலி குறைந்தது. ஆதலின் கருவியை இருசாராரும் வரவேற்றனர் என்றே சொல்ல வேண்டும். தீங்கு தெரிய வந்தது சில ஆண்டுகள் சென்ற பின்னரே.

பெட்போர்டின் கல்தச்சர் குளிர்காலக் காலையில் எழுந்ததும், இரண்டு மூன்று விரல்கள் வெளுத்து, உணர்ச்சியற்று, தம்முடையவை அல்ல என்று தோன்றும்படி இருப்பதைக் கண்டனர். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. பையிலுள்ள நாணயத்தை எடுத்தால், எடுத்தது நாணயமா வேறு ஏதேனுமா என்று விரல் சொல்லவில்லை. கையை உதறியும், தேய்த்தும், சுழற்றியும் பார்ப்பர். குருதி திரும்பும்போது விரல் சிவந்து, ஊசி குத்துவதுபோல வலிக்கும். இவ்விரல்களுக்குத் தொழிலாளர் வைத்த பெயர் 'செத்த விரல்கள்' என்பது. பெரிய மருத்துவ நூல்கள் பின்னர்ச் சூட்டிய பெயர்கள் பல. அவற்றுள் ஒன்றேனும் இவ்வளவு பொருத்தமாய் அமையவில்லை.

விரல் வெளுத்தல் மருத்துவ உலகம் அறியாததன்று. 1862-இல் பாரிஸ் நகரில் மாரிஸ் ரெய்னோ என்ற இளம் மருத்துவர் தம் பட்டத்திற்கான ஆய்வுரையில் இதனை விரிவாக எழுதியிருந்தார். குளிர் பட்டாலோ மனம் கலங்கினாலோ சிலருடைய விரல்களிலுள்ள சிறு தமனிகள் திடீரெனச் சுருங்கிவிடும். அப்போது குருதி உள்ளே செல்லாமல் விரல் வெளுத்துவிடும். அவர் கண்ட நோயாளிகளுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு இரு கைகளிலும் ஒத்த விரல்களில் நோய் தோன்றிற்று. கருவியினால் இது வருமென்று அவர் கூறவில்லை. அவர் காலத்தில் அத்தகைய கருவியும் இல்லை. காற்றுச் சுத்தியலையும் விரல் வெளுப்பையும் தொடர்புபடுத்தி 1911-இல் இத்தாலியில் எழுதியவர் ஜியோவான்னி லோரிகா என்பவர். ஆயினும் அவருடைய எழுத்து அட்லாண்டிக் கடலைக் கடந்து பெட்போர்டு முதலாளிகளின் செவிக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

இந்நிலையில்தான் ஆலிஸ் ஹாமில்டன் அவ்வூருக்கு வந்தார். அவரைப்பற்றிச் சிறிது கூறுவது முறை. 1869-இல் பிறந்து, இண்டியானாவிலேயே போர்ட் வேன் என்ற ஊரில் வளர்ந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1893-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1897 முதல் சிகாகோ நகரில் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் ஏழைமக்களிடையே நடத்திவந்த ஹல் ஹவுஸ் என்னும் இல்லத்தில் தங்கினார். அங்கே அண்டை வீடுகளிலிருந்த தொழிலாளர் ஈயத்தாலும் நச்சுப் புகையாலும் அழிவதை நேரிற் கண்டார். 1910-இல் இல்லினாய் மாநிலத்துக்காக ஈய நஞ்சை ஆராய்ந்தார். பின்னர்க் கூட்டரசின் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்துக்காக ஊர் ஊராய்ச் சென்று தொழிற்சாலைகளைப் பார்வையிட்டார். கதவைத் தட்டி உள்ளே செல்லச் சட்டப்படியான உரிமை அவருக்கு அப்போது பெரிதும் இல்லை. முதலாளியின் மனமொப்பினால்தான் நுழையலாம். உள்ளே நுழைந்த பிறகு, தொழிலாளியின் வீட்டுக்கும் போய் விசாரிப்பது அவர் வழக்கம்.

1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரைத் துணைப்பேராசிரியராக ஏற்றது. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. ஆனால் பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் அவர் நடக்கக்கூடாது. ஆசிரியர் கழகத்தின் மனைக்குள் நுழையக்கூடாது. காற்பந்தாட்ட நுழைவுச் சீட்டில் பங்கு கேட்கக்கூடாது. இந்த மூன்று நிபந்தனைகளையும் எண்ணிப் பார்க்கும்போது, கல்தச்சர் பேச்சை மதிப்பதற்கு இவர் ஏன் அவ்வளவு தகுதியுடையவராய் இருந்தார் என்பது ஒருவாறு விளங்கும்.

பெட்போர்டில் அவர் ஆய்வு நடத்தியது 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குளிர்காலத்தின் நடுவில். அக்காலத்தைத் தேர்ந்தது முக்கியமானது. கோடையில் சென்றிருந்தால் ஒரு வெள்ளை விரலையும் கண்டிருக்க மாட்டார். உரிமையாளர் கூறியபடி, நோய் சிறிதே என்று எழுதிவிட்டுத் திரும்பியிருக்கக்கூடும். குளிர் மிகுந்த காலையில், தொழிலாளர் பட்டறைக்கு வரும் வேளையில், அவர் அவர்களுடைய கைகளைப் பார்த்தார். விரல் மெய்யாகவே வெளுத்திருந்தது. வெளுத்த பகுதிக்கும் நல்ல பகுதிக்கும் இடையே எல்லை, கோடு கிழித்தாற்போலத் தெளிவாய் இருந்தது. சிறிது சிறிதாக நிறம் மாறும் இடைநிலம் எதுவும் இல்லை. காற்றுச் சுத்தியலைப் பிடித்த பெட்போர்டுத் தச்சருள் நூற்றுக்கு 89 பேருக்கு இந்நோய் இருந்ததாகக் கணக்கு வந்தது.

இனி, இந்த ஆய்வில் நம் கருத்தைக் கவரும் பகுதி எதுவெனில், எந்த விரல் வெளுக்கிறது என்பதே. கல்தச்சன் வலக்கையிற் சுத்தியலைப் பிடிக்கிறான். இடக்கையின் விரல்களை உளியின் தண்டைச் சுற்றி மடித்து, அதைக் கல்லின்மேல் அழுத்தி நடத்துகிறான். உளியின் வெட்டுமுனைக்கு மிக அருகில் இருப்பது இடக்கைச் சுண்டுவிரல். அதற்கடுத்து மோதிர விரலும் நடுவிரலும். நோய் மிகுந்து காணப்பட்டது அந்த விரல்களில்தான். வலக்கையிலோ, தாக்கம் குறைவாகவும், பெரும்பாலும் விரல்நுனிகளிலும் மட்டுமே இருந்தது. ரெய்னோ கண்ட நோயாளிகளைப்போல இரு கைகளும் ஒத்திருக்கவில்லை. கருவி தொட்ட இடமெல்லாம் அடையாளம் வைத்துப் போயிருந்தது.

வேலையிற் பிடிப்பில்லாதவர்கள் நோயைக் கற்பித்துக்கொண்டார்கள் என்றோ, ஒருவன் சொல்லக் கேட்டு மற்றவனும் மனமயக்கத்தால் அப்படியே உணர்ந்தான் என்றோ கூறுவோர்க்கு இதுவே விடை. நடிப்பவன் விரலை மடக்கிக் காட்டலாம், முகத்தைச் சுளிக்கலாம், தமனியைச் சுருக்கிக் காட்ட அவனால் இயலாது. அதிலும், ஒருவரையொருவர் கலந்து பேசாத பல தச்சர்கள், பிடிப்புக்கு ஏற்றபடி ஒரே விரல்களை ஒரே எல்லைவரை வெளுக்கச் செய்வது எங்ஙனம்? குளிர்தான் காரணம் என்று தட்டிக்கழிக்கவும் வழியில்லை. குளிர் அவ்வூரிலிருந்த எல்லோர்க்கும் பொது. ஒரே ஆளின் வலக்கைக்கும் இடக்கைக்கும்கூடப் பொது.

ஹாமில்டன் மூன்று காரணங்களைச் சேர்த்துக் கூறினார். அதிர்வு ஒன்று, உளியை இறுகப் பிடிப்பதால் தசைகள் நெடுநேரம் சுருங்கியே இருப்பது ஒன்று, குளிர் ஒன்று. கருவியை இடைவிடாமல் நடத்துவதும், பட்டறையிற் கணப்பில்லாமையும் நோயை மிகுவிக்கின்றன என்றார். வெர்மாண்ட் மாநிலத்துப் பாரி, மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குவின்சி ஆகிய கருங்கல் ஊர்களிலும் அவர் ஆய்வு நடத்தினார். அவருடைய அறிக்கையை உள்ளடக்கிய அரசாங்க வெளியீடு 1918-இலேயே அச்சாயிற்று. பிற்காலத்தில், 1943-இல், தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோதும் இந்தச் செத்த விரல்களுக்கென ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார்.

விரலினுள் நிகழ்வது யாது என்று பின்னர் வந்த ஆராய்ச்சி ஓரளவு காட்டியிருக்கிறது. அதிர்வு பல ஆண்டுகள் தொடர்ந்து தாக்கினால், விரலின் சிறு தமனிச் சுவர்கள் தடித்துப் போகின்றன. குளிர் பட்டதும் அவற்றைச் சுருங்கச் செய்யும் நரம்புக் கட்டளை, தேவைக்கு மிஞ்சி வேலை செய்கிறது. தமனி அறவே மூடிக்கொள்கிறது. இது ஒரு பக்கம். மற்றொரு பக்கம், தொடு உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு நுனிகளும் தனியே கெடுகின்றன. அதனால், விரல் வெளுக்காத வேளையிலும் மரமரப்பு நீடிக்கிறது. நுண்ணிய பொருளைப் பிடிக்கும் திறன் குறைகிறது. தமனிக் கேடும் நரம்புக் கேடும் சேர்ந்தே வரவேண்டும் என்பதில்லை. ஒருவனுக்கு ஒன்று முந்தும், மற்றொருவனுக்கு மற்றொன்று முந்தும். 1986-இல் ஸ்டாக்ஹோம் நகரிற் கூடிய அறிஞர் இவ்விரண்டையும் தனித்தனி அளவுகோலால் மதிப்பிட வேண்டும் என்று முடிவு செய்தனர். நரம்பு ஒருமுறை மிகுதியாகக் கெட்டால் மீள்வது அரிது. புகையிலைப் பழக்கம் தமனியை மேலும் சுருக்குவதால் நோயாளிக்கு அது கூடாது.

1918-இல் இவ்வளவு நுட்பமாகத் தெரியாவிடினும், நோயும் தெரிந்தது. அதன் காரணமும் தெரிந்தது. எந்தக் கருவி என்பதும் தெரிந்தது. அப்படியாயின் கருவியைத் திருத்தியிருக்க வேண்டுமன்றோ? திருத்தவில்லை.

காரணங்கள் பலவாகலாம். ஒன்றை மட்டும் சொல்வேன். இந்நோய் யாரையும் கொல்வதில்லை. கருங்கல் ஊராகிய பாரியில் நிலைமை வேறு. அங்கே அதே காற்றுச் சுத்தியல் நுண்ணிய சிலிகாத் தூசியைக் கிளப்பிற்று. தூசி நுரையீரலிற் படிந்தது. அதன்மேல் காசநோயும் சேர்ந்தது. தச்சர்கள் நடுவயதிலேயே மாண்டனர். சாவுகள் எண்ணத்தக்கன. எண்ணப்பட்டதன் விளைவாக, 1930-களின் இறுதியில் அவ்வூர்ப் பட்டறைகளில் தூசியை உறிஞ்சும் குழாய்கள் பொருத்தப்பட்டன. நோயும் பெரிதும் ஒழிந்தது. பெட்போர்டுச் சுண்ணாம்புக்கல்லில் அந்தத் தூசி அபாயம் மிகக் குறைவு. ஆகவே அங்கே சாவு இல்லை, கூக்குரலும் இல்லை. பொத்தான் போட முடியாத விரலுக்காக ஓர் அரசாங்கம் சட்டம் செய்யுமா?

ஆலிஸ் ஹாமில்டன் 1970-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், தம் 101-ஆம் வயதில் காலமானார். அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் நிறைவேறியது. தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்க்கும் உரிமையை அது அரசாங்க ஆய்வாளருக்கு அளித்தது; தொழில்நோய்களை ஆராய ஒரு தேசிய நிலையத்தையும் அமைத்தது. அந்நிலையத்தைச் சேர்ந்த டொனால்டு வாசர்மனும், ஸ்காட்லாந்தின் டண்டீ நகர மருத்துவர் வில்லியம் டெய்லரும், அவர்களுடன் பிறரும், 1978-இல் பெட்போர்டுக்குச் சென்றனர். ஹாமில்டன் சென்று சரியாக அறுபதாண்டுகள் ஆகியிருந்தன. தச்சர்களின் பேரர் காலம் வந்துவிட்டது. பட்டறையிலிருந்த காற்றுச் சுத்தியலோ அமைப்பில் பெரிதும் பழையதே. அதை ஆண்ட தச்சருள் பத்துக்கு எட்டுப் பேருக்கு விரல் வெளுத்தது. 1918-இல் 89; 1978-இல் 80. 1984-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைக்கு ஹாமில்டனின் பழைய அறிக்கையின் தலைப்பையே மீண்டும் சூட்டி, அதே கற்குழிகளை மறுபடி கண்டதாகக் குறித்தனர். அறிவியல் ஏடுகளில் கண்டனம் இவ்வளவு மெல்லிய குரலில்தான் வரும்.

அந்த அறுபதாண்டுகளில் உலகம் சும்மா இருக்கவில்லை; அதிரும் கருவிகளைப் பெருக்கிக்கொண்டே போயிற்று. கப்பற் பட்டறையில் தறையடிக்கும் சுத்தியல், வார்ப்படத்தை வழித்தெடுக்கும் அரைச்சக்கரம், சுரங்கத்தில் பாறை துளைக்கும் கருவி, தெருவில் தார்ப்பரப்பைப் பெயர்க்கும் உடைப்பான் என அவை பலவாயின. எல்லாவற்றிலும் பரவலாய்ச் சென்றது காட்டில் மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது ஒரே ஆள் தூக்கும் எடைக்கு வந்தது. பெட்ரோலால் இயங்கும் எந்திரம் ஒன்றை இரு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நாள் முழுதும் குளிர்க்காட்டில் நிற்பதை எண்ணிப் பாருங்கள். பெட்போர்டிற் கண்ட அதிர்வும் பிடிப்பும் குளிரும் இங்கேயும் ஒருங்கே கூடின.

ஜப்பானில் 1954-ஆம் ஆண்டுப் பெரும்புயல் ஹொக்கைடோத் தீவின் காடுகளில் எண்ணிறந்த மரங்களைச் சாய்த்தது. அக்காலத்தை ஒட்டி அந்நாட்டு அரசாங்கக் காடுகளில் சங்கிலி ரம்பம் பெருகிற்று. பத்தாண்டு கழிவதற்குள் மரம் வெட்டுவோரின் விரல்கள் வெளுக்கத் தொடங்கின. ஜப்பானியர் இதற்கு 'வெண்மெழுகு நோய்' என்று பெயரிட்டனர். 1965-இல் தொலைக்காட்சி வாயிலாக அவ்விரல்களை நாட்டு மக்கள் கண்டனர். ஒளியுமிழும் கருவி மருத்துவரைவிட ஒருவகையிற் பேறுடையது. நோய் தோன்றும் நொடியை அது பிடித்துவைத்துக்கொள்ளும். 1969-இல் அரசாங்கக் காடுகளில் ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் ரம்பத்தைக் கையாளக்கூடாது என்று தொழிற்சங்கத்தோடு உடன்பாடு ஏற்பட்டது.

நேரத்தைக் குறைப்பது ஒரு வழி. கருவியையே மாற்றுவது இன்னொன்று. ரம்பத்தின் எந்திரப் பகுதியையும் கைப்பிடிப் பகுதியையும் தனித்தனியே அமைத்து, இரண்டுக்கும் இடையே இரப்பர்த் துண்டுகளை வைத்தால் அதிர்வில் பெரும்பகுதி கைக்கு வராமலே நின்றுவிடும். எண்ணிப் பார்த்தால் எளிய உபாயம்; வண்டிச் சக்கரத்துக்கும் இருக்கைக்கும் இடையே வில் வைப்பவன் அறிந்ததே. பின்லாந்து நாட்டின் சுவோமுசால்மி என்ற வனப்பகுதியில் மரம் வெட்டுவோரை மருத்துவர் 1972 முதல் 1990 வரை தொடர்ந்து பரிசோதித்தனர். அக்காலத்தில் ரம்பங்களின் அதிர்வு, முடுக்க அளவில், வினாடிக்கு வினாடி 14 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு இறங்கியது. விரல் வெளுத்தோர் தொகை நூற்றுக்கு 40-லிருந்து 5-க்குக் குறைந்தது. கைப்பிடியைச் சூடாக்கும் அமைப்பும் குளிர்நாட்டு ரம்பங்களில் வந்தது. பெட்போர்டுத் தச்சர் 80 என்று நின்ற அதே ஆண்டுகளில் நிகழ்ந்தது இது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் வழக்கு வேறுவகையாய் நடந்தது. தொழில்நோய் என்று பட்டியலில் ஏறினால்தான் தொழிலாளிக்கு இழப்பீடு கிடைக்கும். பட்டியலில் இதனைச் சேர்ப்பதா என்று ஆலோசனைக் குழு 1954, 1970, 1975 ஆகிய ஆண்டுகளில் ஆராய்ந்து, மூன்று முறையும் மறுத்தது. பெரும்பாலோர்க்குத் துன்பம் சிறிது என்பதும், நோய் உண்டென்று புறச்சோதனையால் நிறுவுவது கடினம் என்பதும் தடைகளாய்ச் சொல்லப்பட்டன. நோயாளி குழுவின் முன் வரும்போது விரல் சிவந்தே இருக்கும் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 1981-இல் குழு மனம் மாறிற்று. 1985-இல் நோய் பட்டியலில் ஏறியது.

அதன் பின்னரும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசுடைமையாயிருந்த நிலக்கரிக் கழகம், 1973-ஆம் ஆண்டிலேனும் அபாயத்தை உணர்ந்திருக்க வேண்டும் என்பது நீதிமன்றம் ஏற்ற முடிவு. அடுத்து ஏற்பட்ட இழப்பீட்டுத் திட்டத்திற்கு ஏறத்தாழ 1,70,000 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. சிறிது என்று மும்முறை ஒதுக்கப்பட்ட துன்பத்தின் தொகை அது.

இக்காலத்தில் ஐரோப்பிய நாடுகளில் அதிர்வுக்கு எல்லை வகுத்த சட்டம் உண்டு. 2002-ஆம் ஆண்டு ஆணையின்படி, எட்டு மணி நேர வேலைநாளுக்குச் சராசரியாக வினாடிக்கு வினாடி 2.5 மீட்டர் என்ற அளவை அதிர்வு எட்டிவிட்டால், முதலாளி அதைக் குறைக்க நடவடிக்கை எடுத்தாக வேண்டும். 5 மீட்டரைத் தாண்ட விடவே கூடாது. இங்கே கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. கருவியின் அதிர்வு இருமடங்கானால் அதை ஆளும் நேரம் பாதியாவது போதாது, காற்பங்காக வேண்டும். 5 மீட்டர் அதிரும் கருவியை இரண்டு மணி நேரத்தில் வைத்துவிட்டால் அன்றைய அளவு 2.5 ஆகும். 10 மீட்டர் அதிரும் கருவியாயின் அரைமணி நேரத்திலேயே அந்த அளவு வந்துவிடும். இயற்பியல் பயிலும் மாணவர், ஆற்றல் முடுக்கத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதை நினைத்தால் இது விளங்கும். தடித்த கையுறை போட்டுக்கொண்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். கையுறை சூட்டைக் காக்கும், அது நன்று. சுத்தியல், உடைப்பான் போன்றவற்றின் கனத்த அதிர்வைத் தடுக்க அது பெரும்பாலும் உதவாது.

வெப்பநாட்டில் வாழும் நமக்கு இந்நோய் வாராது என்று யாரேனும் ஆறுதல் கொள்ளக்கூடும். விரல் வெளுப்பதற்குக் குளிர் வேண்டும் என்பது மெய்யே. இந்தோனேசியா, மலேசியா முதலிய வெப்பநாடுகளில், அதிரும் கருவிகளைக் கையாளும் தொழிலாளரை ஆராய்ந்தவர்கள் வெண்விரலை மிக அரிதாகவே கண்டனர். ஆனால் மரமரப்பும், விரல்களில் ஊர்வது போன்ற உணர்ச்சியும், பிடியின் வலுக்குறைவும் அங்கேயும் இருந்தன. தமனியின் பகுதி தூங்க, நரம்பின் பகுதி மட்டும் வெளிப்பட்டது. பெட்போர்டுத் தச்சனுக்குக் குளிர்காலத்திலேனும் காட்டுவதற்கு ஒரு வெள்ளை விரல் இருந்தது. இந்நாடுகளின் தொழிலாளிக்கு அதுவும் இல்லை.

ஆகவே, "விரல் வெளுக்கிறதா?" என்று மட்டும் கேட்கும் மருத்துவருக்கு வெப்பநாட்டில் "இல்லை" என்றே விடை கிடைக்கும். இதனை உணர்ந்தவர்கள் வேறு கேள்விகளைக் கேட்கின்றனர். இரவில் மரமரப்பால் உறக்கம் கலைகிறதா? சிறு திருகாணியை எடுத்து மாட்ட முடிகிறதா? பொத்தான் போட எவ்வளவு நேரமாகிறது? பிறகு, அதிரும் சிறு கருவியொன்றைத் தொழிலாளியின் விரல்நுனியில் வைத்து, அதிர்வை மெல்ல மெல்லக் கூட்டி, எப்போது உணர்கிறான் என்று அவனையே கேட்டுக் குறித்துக்கொள்கின்றனர்.